ஆடுகளத்தில் ஆணும் பெண்ணும்

குன்றத்தூர் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் பயின்றோர் உள்ளத்தில் சேக்கிழார் பெருமானே முதலில் தோன்றுவார். அவர் பிறந்த அந்த ஊரில் வாழ்பவன் நான். மாலை வேளையில் முருகன் கோயில் கொண்ட குன்றின் படிகளில் ஏறி, மேலே சற்று நேரம் அமர்ந்திருப்பது என் நெடுநாள் வழக்கம். மேற்கே செம்பரம்பாக்கத்து ஏரி கிடக்கும். கிழக்கே பல்லாவரம், தாம்பரம் என ஊர்கள் ஒன்றோடொன்று கலந்து நகரமாகிவிட்ட காட்சி விரியும்.

நான் பேச வந்த பொருள் விளையாட்டு. விளையாட்டைப் பற்றிப் பேச வந்தவன் சேக்கிழாரிடம் தொடங்குவானேன் என்று மாணவ நண்பர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. சேக்கிழார் பாடிய அடியார் அறுபத்து மூவர். அவர்களுள் காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மூவர் பெண்டிர். அவருக்கு முன்னே திருத்தொண்டத் தொகை பாடிய சுந்தரரும் சரி, அதை விரித்துக் காவியமாக்கிய சேக்கிழாரும் சரி, ஆடவருக்கு ஒரு பட்டியல், பெண்டிருக்கு ஒரு பட்டியல் என்று வகுக்கவில்லை. சிவன் கோயில் பிராகாரங்களில் நாயன்மார் வரிசையைப் பாருங்கள். எல்லோரும் நின்றுகொண்டிருக்க, அம்மையார் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பார். அறுபத்து மூவரில் மூவர் என்பது மிகச் சிறிய பங்குதான். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வரிசை ஒன்றே.

இந்த எண்ணம் என் உள்ளத்தில் தங்கியதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி காரணம். அது எனக்குப் பெருமை தருவதன்று.

நான் பல ஆண்டுகள் உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்தவன். 1996ஆம் ஆண்டு, பள்ளிகளுக்கிடையே நடைபெறும் சதுரங்கப் போட்டிக்குப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். பள்ளியில் சதுரங்கம் ஆடிய பையன்கள் அனைவரையும் வென்றவள் அவள். பெண்கள் பிரிவில் அந்த ஆண்டு எங்கள் வட்டாரத்திலிருந்து மூவரோ நால்வரோதான் பெயர் கொடுத்திருந்தனர். "சார், என்னைப் பையன்கள் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேதான் நன்றாக ஆடுகிறவர்கள் வருவார்கள்" என்றாள். நான் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கென்று தனியே பிரிவு இருக்கிறதே அம்மா, பிறகென்ன குறை?" என்று சொல்லிப் பெண்கள் தாளில் அவள் பெயரை எழுதினேன். விதி என்ன சொல்கிறது என்று நான் எவரையும் கேட்கவில்லை. விதி அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவள் போட்டிக்குச் சென்றாள்; எளிதாக வென்றாள்; கோப்பையைக் கொண்டுவந்து என் மேசையின்மேல் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் பள்ளியில் காய்களைத் தொட்டதை நான் கண்டதில்லை.

நான் அவளுக்குச் சொன்ன விடை, இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ந்துபோன ஒரு வழக்கில் தோற்ற தரப்பின் வாதம் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

1976ஆம் ஆண்டு மும்பையைச் சேர்ந்த ரோகிணி கடில்கர் என்ற சிறுமி, இந்தியாவின் ஆடவர் சதுரங்கச் சாம்பியன் போட்டியில் ஆட வந்தாள். அப்போது அவளுக்கு வயது 13. வாசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி என்ற கடில்கர் உடன்பிறப்புகள் மூவரும் பெண்கள் சதுரங்கத்தில் அந்நாளில் பெயர் பெற்றவர்கள். பெண்கள் பிரிவில் வெல்வதோடு நில்லாமல் ஆடவரோடும் ஆட வேண்டும் என்று இளையவள் வந்ததும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தகராறு உயர்நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவரும், முன்னாள் உலகச் சாம்பியனுமாகிய மாக்ஸ் யூவே ஒரு முடிவைக் கூறினார். தேசியப் போட்டிகளாயினும் உலகப் போட்டிகளாயினும் பெண் என்பதற்காக எவரையும் விலக்கலாகாது என்பதே அந்த முடிவு. ரோகிணி அந்தப் போட்டியில் சாம்பியன் ஆகவில்லை. ஆனால் மாநிலச் சாம்பியன்களாக வந்திருந்த ஆடவர் மூவரை வென்றாள். பதின்மூன்று வயதுச் சிறுமி கதவைத் தட்டினாள். அக்கதவு உலகெங்கும் திறந்தது. இதைப் பாடநூல்களில் ஏன் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இன்று உலகச் சதுரங்கத்தில் 'ஆடவர் பிரிவு' என்ற ஒன்று கிடையாது. பொதுப் பிரிவு ஒன்று. பெண்கள் பிரிவு ஒன்று. 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நம் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதும் அவ்வாறே இருந்தது. பெண் எவரும் பொதுப் பிரிவில் ஆடலாம். ஆடவர் பெண்கள் பிரிவில் ஆடலாகாது. அங்கேரியைச் சேர்ந்த ஜூடித் போல்கர் 2002ஆம் ஆண்டு ஒலிம்பியாடில் தம் நாட்டின் பொது அணியில் ஆடவரோடு அமர்ந்து ஆடி, அவ்வணி வெள்ளிப் பதக்கம் பெறத் துணை நின்றார். இவரே 1991இல் தம் 15ஆம் வயதில் கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்று, பாபி பிஷரின் பழைய இளவயதுச் சாதனையை முறியடித்தவர். பின்னர் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தவர். பெண்களுக்கென்றே உரிய உலகப் பட்டத்துக்காக அவர் ஒருபோதும் ஆடவில்லை.

சதுரங்கத்தில் பெண் ஆடவரை எதிர்கொள்ளும் காட்சி நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. நீடாமங்கலத்துக்கு அருகே திருப்பூவனூர் என்னும் தலம் இருக்கிறது. அங்கே இறைவனின் பெயர் சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத அரசிளங்குமரி ஒருத்தி இருந்தாள் என்றும், அவளை வெல்பவனுக்கே அவளை மணம் முடிப்பதாக அரசன் அறிவித்தான் என்றும், வந்த ஆடவர் அனைவரும் தோற்றபின் இறைவனே முதியவர் வடிவில் வந்து ஆடி வென்றான் என்றும் தலபுராணம் கூறுகிறது. அவளை வெல்ல மானிடரால் ஆகவில்லை, கடவுளே வரவேண்டியிருந்தது என்று நம் முன்னோர் கதை கட்டியிருக்கிறார்கள். நான் 1996இல் பெயர்ப் பட்டியல் எழுதியபோது இந்தக் கதையும் எனக்குத் தெரிந்தே இருந்தது! தெரிந்த கதையும் வேண்டிய வேளையில் நினைவுக்கு வருவதில்லை.

இனிச் சென்னையின் பாடிக்கு வருவோம். ரமேஷ்பாபு, நாகலட்சுமி என்ற பெற்றோருக்கு 2001இல் பிறந்த மகள் வைஷாலி. குழந்தை தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதற்காகவே அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்களாம். அக்காள் ஆடுவதைப் பார்த்து ஆட வந்தவரே தம்பி பிரக்ஞானந்தா. 2013ஆம் ஆண்டு மாக்னஸ் கார்ல்சன் சென்னைக்கு வந்து பலரோடு ஒரே நேரத்தில் காட்சி ஆட்டம் ஆடியபோது, 12 வயது வைஷாலி அவரை வென்றார். தம்பிக்கு 2018இல், 13 வயது நிறையும் முன்பே, கிராண்ட் மாஸ்டர் பட்டம் கிட்டியது. அக்காளுக்கு அது 2023 டிசம்பரில்தான் கைகூடியது. ஹம்பி, ஹரிகா ஆகிய இருவருக்குப் பின் இந்தியப் பெண்களுள் மூன்றாமவர் அவர். 2025இல் திவ்யா தேஷ்முக் நான்காமவரானார். உலகில் அக்காளும் தம்பியும் கிராண்ட் மாஸ்டராக விளங்கும் முதல் இணை இவர்களே.

இந்தக் கிராண்ட் மாஸ்டர் பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்பதை மாணவர்கள் அறிந்துகொண்டால், ஆடவரோடு ஆடுவது ஏன் வெறும் வீம்பு அன்று என்பது தெளிவாகும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தரப்புள்ளி என்று ஒன்று உண்டு. அது 2500ஐத் தொட வேண்டும். அதுவன்றி, 'நார்ம்' எனப்படும் தகுதிகளை மொத்தம் 27 ஆட்டங்கள் அளவுக்குப் போட்டிகளில் ஈட்டியாக வேண்டும். ஒரு போட்டி நார்ம் தர வேண்டுமானால், அங்கே எதிர்த்து ஆடியவர்களுள் மூன்றில் ஒரு பங்கினராவது கிராண்ட் மாஸ்டர்களாக இருக்க வேண்டும்; அவர்களுக்கு எதிராக ஆடிய ஆட்டத்தின் தரம் 2600 புள்ளிக்கு நிகராக இருக்க வேண்டும். உலகில் கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்ற பெண்களோ நாற்பதுக்குச் சற்று மேற்பட்டவர்களே. ஆடவரோ ஈராயிரம் பேர் அளவில். ஆகவே பெண்கள் போட்டியிலேயே சுற்றிவருகிற ஒருத்திக்கு நார்ம் கிடைப்பது அரிது. வைஷாலியின் கடைசி நார்ம் 2023 அக்டோபரில் கத்தார் நாட்டில் நடந்த பொதுப் போட்டியில் கிடைத்தது. வலிமை மிக்கவரோடு ஆடினால்தான் புள்ளி உயரும். புள்ளி உயர்ந்தால்தான் வலிமை மிக்கவர் ஆடும் போட்டிகளுக்கு அழைப்பு வரும். அழைப்பு வந்தால்தான் வருவாய். தொழிலாக ஆடுகிறவருக்கு இது சோற்றுப் பிரச்சினை. "அங்கேதான் நன்றாக ஆடுகிறவர்கள் வருவார்கள்" என்று என் மாணவி சொன்னதும் இதையே.

அப்படியானால் உச்சியில் ஏன் பெண்கள் இவ்வளவு குறைவு என்ற வினா எழும். மூளையில் வேறுபாடு என்று கை நீட்டிவிடுவது எளிது. வேறொரு கணக்கைப் பாருங்கள். ஒரு தோப்பில் ஆயிரம் மாமரங்கள். மற்றொரு தோப்பில் ஐம்பது மரங்கள். மண்ணும் ஒன்று, விதையும் ஒன்று, நீரும் ஒன்று. இரண்டு தோப்பிலும் உள்ள மிகப் பெரிய கனியைப் பறித்து எடை போடுங்கள். ஆயிரம் மரத் தோப்பின் கனியே பெரும்பாலும் பெரிதாக இருக்கும். மரத்தின் குணத்தால் அன்று; எண்ணிக்கையால். சதுரங்கம் ஆட வருகிற பெண்கள் சிறுபான்மையினர். உச்சியில் தெரிகிற வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த எண்ணிக்கையால் வருவதே என்று கணக்கிட்டுச் சொன்ன ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அதை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். ஐம்பது மரம் ஆயிரம் ஆகும்வரை அந்த வழக்கு முடியப்போவதில்லை.

ஆனால் சதுரங்கத்துக்குச் சொன்னதை எல்லா விளையாட்டுக்கும் சொல்லிவிடலாகாது. அப்படிச் சொல்வோர் ஓட்டக்களத்தில் நின்று கடிகாரம் பிடித்தவர்களாக இருக்க மாட்டார்கள். நான் நின்றிருக்கிறேன். பத்து வயது வரை பையனும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடுவார்கள். பல சமயம் பெண்பிள்ளைகளே முந்துவார்கள். பருவம் எய்தியபின் நிலை மாறுகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு ஆணின் தசையைப் பெருக்குகிறது, எலும்பை நீட்டுகிறது, குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினை மிகுவிக்கிறது. 100 மீட்டர் ஓட்டத்தில் உசேன் போல்ட் 2009இல் ஓடிய நேரம் 9.58 விநாடி. பெண்களுள் பிளாரன்ஸ் கிரிபித் ஜாய்னர் 1988இல் ஓடியது 10.49 விநாடி. இடைவெளி பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும்; ஓடுதளத்தில் அது ஒன்பது மீட்டர்த் தொலைவு.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி, நூற்றில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தார். அந்நாளில் நாடே வானொலியைச் சூழ்ந்திருந்தது. அதே ஒலிம்பிக்கில் ஆடவருள் முதலாவதாக வந்த எட்வின் மோசஸ் எடுத்துக்கொண்ட நேரம் 47.75 விநாடி, ஆடவருக்கு வைக்கும் தடைகளோ உயரம் மிகுந்தவை. ஆணும் பெண்ணும் ஒரே ஓட்டம் ஓட வேண்டும் என்று விதி இருந்திருந்தால், உஷா என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது. பையோலியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை அவரை அழைத்துச் சென்ற பாதை, பெண்களுக்கெனத் தனியே இட்ட பாதை. ஆதலின் தனிப் பிரிவு என்றாலே இழிவு என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

டென்னிசிலும் இதுவே நிலை. 1973இல் பில்லி ஜீன் கிங் என்ற அமெரிக்க வீராங்கனை 55 வயது பாபி ரிக்சை நேர் செட்களில் வென்றதைக் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்தனர். ஆனால் அதே ரிக்ஸ் நான்கு மாதங்களுக்கு முன் மார்கரெட் கோர்ட்டை எளிதாக வென்றிருந்தார். 1998இல் தரவரிசையில் 200க்கும் பின்னே இருந்த ஜெர்மானிய ஆடவர் ஒருவர், வளர்ந்துவந்த வில்லியம்ஸ் சகோதரியர் இருவரையும் ஒருவர் பின் ஒருவராக வென்றார். பில்லி ஜீன் கிங்கின் வெற்றியால் விளைந்த பயன் வேறு. பெண்கள் டென்னிசையும் மக்கள் பணம் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அது காட்டிற்று.

இவ்விரண்டுக்கும் இடையே மற்றோர் உலகம் இருக்கிறது. தசையின் வேலையைக் குதிரையோ எந்திரமோ செய்ய, மனிதன் நிதானத்தையும் கண்ணையும் கையையும் கொடுக்கும் விளையாட்டுகள் அவை. எங்கள் குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் சென்றால், இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்ப் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முன்பு சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில், பந்தயம் நடத்தி வந்தது. பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் உருவாயிற்று. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ஒருமுறை என் பேரப்பிள்ளைகள் வற்புறுத்த, அங்கே சென்று வெயிலில் அமர்ந்திருந்தேன். காதைப் பிளக்கும் ஓசை. ஓட்டுபவர் முகம் தெரியாது. தலைக்கவசமும் வண்டியின் எண்ணும்தான் தெரியும். முந்துகிறவர் ஆணா பெண்ணா என்பது, வண்டி நின்று கவசத்தைக் கழற்றும்வரை பார்ப்பவருக்குத் தெரியாது. இப்படி ஓர் ஆடுகளத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா இத்தகைய தடங்களில் ஆடவரோடு பந்தயம் ஓட்டியவர். அவர் தந்தை ஆர்.ஏ. அப்துல்லா மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தேசியச் சாம்பியனாக விளங்கியவர். ஒன்பது வயதில் சிறு கார்ட் வண்டியில் தொடங்கிய மகள், கார், மோட்டார் சைக்கிள் இரண்டிலும் ஆடவர் வரிசையில் நின்று ஓட்டினார். பின்னர்ப் பெண்களுக்கென்றே ஒரு பந்தயப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். ஆடவரோடு ஓட்டி வளர்ந்தவரே பெண்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று கருதியது என்னைச் சிந்திக்க வைத்தது. களம் ஒன்றாக இருக்கலாம்; ஆனால் களத்துக்கு வந்து சேரும் வழி ஒன்றாக இல்லை என்பதை அவர் தம் அனுபவத்தால் அறிந்திருக்க வேண்டும்.

மோட்டார்ப் பந்தயத்தில் வழி என்பது பணம். வண்டி வேண்டும், டயர் வேண்டும், கைதேர்ந்த மெக்கானிக் வேண்டும், விளம்பரம் தரும் நிறுவனம் வேண்டும். பார்முலா ஒன் எனப்படும் உலகப் பந்தயத்தில் இதுவரை புள்ளி பெற்ற ஒரே பெண் இத்தாலியைச் சேர்ந்த லெல்லா லொம்பார்டி. 1975இல் அவர் பெற்றது அரைப் புள்ளி! அரை நூற்றாண்டாக அந்த அரைப் புள்ளி அப்படியே நிற்கிறது. 2023 முதல் அவ்வுலகத்தில் பெண்களுக்கெனத் தனிப் பந்தயத் தொடர் ஒன்று நடைபெறுகிறது. நம் நாட்டிலோ, 2024இல் சென்னைத் தீவுத்திடல் சாலைகளில் இரவு வெளிச்சத்தில் நடந்த இந்தியப் பந்தயத் தொடரில் வேறு முறையைக் கையாண்டனர். ஒவ்வோர் அணியின் ஓட்டுநர் நால்வருள் ஒருவர் பெண்ணாக இருந்தே தீர வேண்டும் என்பது விதி. அணிக்குப் புள்ளி வேண்டுமானால் அந்தப் பெண்ணுக்கும் நல்ல வண்டியைக் கொடுத்தே ஆக வேண்டும். எது சிறந்த முறை? எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது.

குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டம் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே கூலிக்கு ஒரே களத்தில் தொழில் செய்யும் விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. சென்னையைச் சேர்ந்த ரூபா சிங், குதிரைப் பயிற்சியையே குலத்தொழில்போலக் கொண்ட குடும்பத்தில் பிறந்து, ஜாக்கியாகப் பல நூறு பந்தயங்களில் ஆடவரை வென்றவர். ஜாக்கிக்கு உடல் எடை குறைவாக இருத்தல் வேண்டும். அதனால் பெண்ணுக்கு இங்கே இழப்பில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. குதிரையின் உரிமையாளரும் பயிற்சியாளரும் நல்ல குதிரையை அவளை நம்பித் தர வேண்டும். நொண்டிக் குதிரையைக் கொடுத்துவிட்டு, பெண் தோற்றுவிட்டாள் என்றால் அது என்ன நியாயம்? ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற மெல்போர்ன் கோப்பையை ஒரு பெண் ஜாக்கி வெல்வதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வென்ற மிஷெல் பெயின் ஏறிய குதிரை, ஒன்றுக்கு நூறு என்று எவரும் மதியாத குதிரை. இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை 2021இல் ரேச்சல் பிளாக்மோர் வென்றார். நல்ல குதிரைகளைத் தொடர்ந்து அவரிடம் கொடுத்து வந்த பயிற்சியாளர் ஒருவர் இருந்தார் என்பது அவ்வெற்றியின் பின்கதை.

எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் வருத்தியதுமான கதை ஒன்று பாக்கியிருக்கிறது. அது தொழில்முறை ஆட்டமன்று. ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதல். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டு வீழ்த்தும் 'ஸ்கீட்' என்னும் போட்டியில் 1968 முதல் ஆணும் பெண்ணும் சேர்ந்தே கலந்துகொண்டனர். 1992இல் பார்சிலோனாவில் சீனாவின் சாங் ஷான் என்னும் 24 வயதுப் பெண், முதற்கட்டத்தில் 200 தட்டுக்கு 200ஐயும் சுட்டு வீழ்த்தினார். இறுதியில் 225க்கு 223. தங்கம் அவருக்கு. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற பெரு நாட்டவரும் இத்தாலியரும் மேடையில் அவரைத் தோள்மேல் தூக்கினர். தோற்ற ஆடவர் இருவர் வென்ற பெண்ணைத் தோளில் தூக்கிய அந்தப் படத்தை நீங்கள் நூலகத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

நான்கு ஆண்டு கழித்து அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்தபோது, ஸ்கீட் போட்டி ஆடவருக்கு மட்டும் என்றாகிவிட்டது. பெண்களுக்குத் தனிப் போட்டியும் வைக்கவில்லை. ஒலிம்பிக் சாம்பியன் தம் பட்டத்தைக் காக்கப் போட்டியிடவே முடியவில்லை. பெண்ணிடம் தோற்ற வெட்கத்தால் கதவை மூடிவிட்டார்கள் என்று கூறுவோர் பலர். பிரிப்பது என்ற முடிவு அவர் வெல்வதற்கு முன்பே எடுக்கப்பட்டது என்று கூறுவோரும் உண்டு. இரண்டில் எதுவானாலும் விளைவு ஒன்றே. 2000ஆம் ஆண்டு சிட்னியில் பெண்கள் ஸ்கீட் தனியே தொடங்கியது. அங்கே சாங் ஷான் எட்டாவதாக வந்தார். ஒரு வீராங்கனையின் சிறந்த எட்டு ஆண்டுகள் இப்படிச் சென்றன.

உஷாவுக்குத் தனிப் பிரிவு வாழ்வளித்தது. சாங் ஷானுக்கு அதே பிரிவினை வாயிலை அடைத்தது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லுவதால்தான் நாம் குழம்புகிறோம். பெண்ணை உள்ளே சேர்ப்பதற்காக இடும் வேலி வேறு; வெளியே நிறுத்துவதற்காக இடும் வேலி வேறு. சதுரங்க உலகம் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. பெண்கள் பிரிவு இருக்கிறது; அதில் பரிசும் பட்டமும் உண்டு; சிறுமியர் அச்சமின்றி வந்து சேர அது படியாகிறது. ஆனால் அங்கேயே இரு என்று எவரும் சொல்வதற்கில்லை. வைஷாலி பெண்கள் பிரிவில் இந்தியாவுக்குப் பதக்கமும் பெற்றுத் தந்தார். பொதுப் பிரிவில் ஆடவரோடு ஆடித் தம் பட்டத்தையும் ஈட்டினார். ஒன்றைக் கொண்டதற்காக மற்றதை விட வேண்டியிருக்கவில்லை.

எல்லா விளையாட்டுக்கும் இவ்விடை பொருந்தாது. மல்யுத்தத்துக்கும் சடுகுடுவுக்கும் யார் இதைச் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். அங்கே எலும்பு முறியும். ஆனால் பள்ளிகளில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஏன் இரண்டாகப் பிரிக்கிறோம்? துப்பாக்கி, வில், சதுரங்கம், கேரம் என்று வரும்போது ஏன் பிரிக்கிறோம்? நானும் பிரித்தவன்தான். யாரேனும் காரணம் கேட்டிருந்தால், வழக்கம் என்பதைத் தவிர வேறு சொல்ல எனக்கு இருந்திராது.

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டு வாயிலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர் சொன்னதும் தெரிந்தது. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக வேலை பார்க்கிறாராம். உடன் பத்து வயது மகள். சிறுமியின் கையில் ஒரு சதுரங்கப் போட்டிக்கான படிவம். "விளையாட்டு ஆசிரியர் யாரிடமாவது கேட்டுப் பூர்த்தி செய்யலாம் என்றாள் சார், உங்கள் நினைவு வந்தது" என்றார் தாய். பழைய நிகழ்ச்சியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அது எப்போதோ நடந்தது சார், காப்பி கொடுப்பீர்களா?" என்றார்.

நாங்கள் காப்பி அருந்திக்கொண்டிருக்கையில் சிறுமி படிவத்தை என் முன் விரித்தாள். பிரிவு என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. "தாத்தா, இதில் எதில் குறியிட வேண்டும்?" என்று கேட்டாள். நான் அவள் தாயைப் பார்த்தேன். தாய் சாளரத்தின் வழியே ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பிரிவிலும் நீ ஆடலாம், எதில் சேர்வது என்பது உன் விருப்பம், பெண்கள் பிரிவில் இத்தனை பேர் வருவார்கள், பொதுப் பிரிவில் இத்தனை பேர் என்று விவரமாகச் சொன்னேன்.

"எதில் கடினம்?" என்றாள்.

சொன்னேன். பேனாவை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.